இரவல் வாசிப்பு: தோட்டப்புற நகர் ஒன்றில் ஒரு மூதாட்டியும் ஆறு இலக்க எண்ணும்

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தென்பகுதியில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு நகரம். முன்பு அங்கே எல்லாம் ரப்பர்தான். தோட்டம் கைமாறி லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்தபோது, குடும்பங்கள் நகரத்தை ஒட்டிய மலிவு விலை வீடுகளுக்குக் குடிவந்தன. அங்குள்ள கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலைகளில் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பு ஒன்று நடக்கிறது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த ஒருவர், மருத்துவமனைத் தாதி ஒருவர் ஆகிய மூவர் சேர்ந்து அதை நடத்துகிறார்கள்.

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவர் அந்த வகுப்புக்கு வரும் 68 வயதுப் பாட்டி. தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தவர். பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டு. ரப்பர் போனபின் செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார், பெயரைத் தமிழில் எழுதுவார். மலாய் தடங்கலின்றிப் பேசுவார். ஆனால் மலாயை எழுதப் பயன்படும் ரூமி (ஆங்கில) எழுத்து ஒன்றும் தெரியாது. எண்களில் மட்டும் கெட்டிக்காரி. பால் நிறுக்கும் கொட்டகையில் அவருடைய எடையைக் குறைத்து எழுதிவிட்டு யாரும் தப்பியதில்லை என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றிய சிறு, எளிய கூற்று ஒன்றைப் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தவரே எழுத்தறிவு உள்ளவர் என்று 1958இல் யுனெஸ்கோ வரையறுத்தது. அந்தக் கணக்கில் பாட்டி தமிழில் தேறிவிடுவார். தோட்டத்தில் அதுவே அதிகம். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனாலும் பிள்ளைகள் நாலைந்து ஆண்டுக்கு மேல் அதில் தங்கவில்லை. ஊரிலிருந்து வந்த கடிதத்தைக் கிராணியோ வாத்தியாரோ படித்துச் சொன்னார், பதிலையும் அவரே எழுதினார். ஒரு லயத்துக்கு ஒருவர் படித்திருந்தால் ஊரே ஓடியது. வாசிப்பை இரவல் வாங்கலாம், அதில் வெட்கமோ ஆபத்தோ இல்லை.

கைப்பேசி வந்தபின் அந்த ஏற்பாடுதான் உடைந்தது. இப்போது ஒவ்வொருவருக்கும் சொந்த எண், சொந்த விரல்ரேகை, சொந்தக் கடவுச்சொல் இருக்க வேண்டும். ஆனால் குடும்பங்கள் பழைய பழக்கப்படியே வாசிப்பை இரவல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. கீழே வரும் எல்லாம் இந்த இடைவெளியில் நடந்தவை.

பேரன் பார்த்துக்கொண்ட காலம்

எஸ்.பி.எம். எனும் பள்ளியிறுதித் தேர்வு முடித்த பேரன் 2023இல் பாட்டியின் வங்கிக் கணக்குக்கு இணையச் சேவையைத் திறந்து கொடுத்தான். பதிவு செய்தது பாட்டியின் எண்ணை. அந்த சிம் அட்டை அவருடைய பழைய பொத்தான் பேசியில் இருந்தது. கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் பேரனுடையவை. மின் கட்டணம் கட்டும்போதெல்லாம் வங்கி அனுப்பும் டி.ஏ.சி. எனப்படும் ஆறு இலக்க எண் பாட்டியின் பேசிக்கு வரும். பேரன் வெளியில் இருந்தால் அழைப்பான்: "பாட்டி, நம்பர் வந்துச்சா? சொல்லுங்க." பாட்டி ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சொல்வார்.

குடும்பத்தில் எல்லாருக்கும் இதில் திருப்தி. பாட்டிக்குப் பெருமையும்கூட, ஏனெனில் தம்மால் படிக்க முடிந்த பகுதி அதுதான்.

குறுஞ்செய்தி வழியாக வரும் இந்த எண்ணைக் கைவிட்டு, பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்கு அறிவித்திருந்தது. ஒரு கணக்குக்கு ஒரே கைப்பேசியில்தான் ஒப்புதல், முதன்முறை பதிந்தால் காத்திருப்பு நேரம் என்பவையும் அதில் அடக்கம். பாட்டியின் வங்கியும் மாறியது. ஒப்புதல் இப்போது பேரனின் கைப்பேசியில் உள்ள செயலிக்குள் வந்தது. பாட்டியின் பேசிக்கு எண் வருவது நின்றது.

எண் செத்தது

இங்கேதான் யாரும் எதிர்பாராத கண்ணி. எண் வராததால் பொத்தான் பேசிக்கு வேலை இல்லை. வேலை இல்லாததால் யாரும் ரீலோட் (முன்பணம்) போடவில்லை. முன்கட்டண சிம்முக்கு ஒவ்வொரு ரீலோடும் குறிப்பிட்ட நாள்களுக்கே உயிர் கொடுக்கும். கெடு முடிந்தபின் சிறிது காலம் அழைப்பை வாங்க மட்டும் முடியும், அதுவும் போனால் எண் துண்டிக்கப்படும். சில காலம் கழித்து அதே எண் வேறொருவருக்கு விற்கப்படவும் கூடும். நாள் கணக்கு திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும்.

2024இல் பேரன் ஜோகூருக்கு வேலைக்குப் போனான். சில மாதத்தில் அவன் கைப்பேசி நீரில் விழுந்து கெட்டது. புதிய கைப்பேசியில் செயலியைப் பதிய முயன்றபோது, உறுதி எண்ணைப் பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்கு அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அந்த எண் அப்போது உயிரோடு இல்லை. பாட்டியின் ஏ.டி.எம். அட்டையும் காலாவதியாகியிருந்தது. அதைப் பற்றிய நினைவூட்டல் செயலிக்குள் வந்திருக்க வேண்டும், பேரன் பார்க்கவில்லை. கணக்கில் பணம் இருக்கிறது, உரியவர் உயிரோடு இருக்கிறார், எடுக்க வழியில்லை.

வங்கி முகப்பில்

கிராணியாக இருந்தவர் பாட்டியை வங்கிக் கிளைக்கு அழைத்துச் சென்றார். எண்ணை மாற்றவும் அட்டையைப் புதுப்பிக்கவும் மைகார்டு எனும் அடையாள அட்டையைச் செருகி, பெருவிரலைக் கருவியில் வைக்க வேண்டும். மைகார்டின் சில்லில் இரண்டு பெருவிரல்களின் பதிவும் உண்டு. பாட்டியின் வலது பெருவிரல் திரும்பத் திரும்பத் தோற்றது. பால்வெட்டுக் கத்தியைப் பல்லாண்டு பிடித்து, பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தில் தோய்ந்து ரேகை தேய்ந்த கை அது. இந்த வேலை செய்தவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவது.

கையைச் சோப்பால் கழுவி, முழுக்கத் துடைத்து, சற்றே ஈரப்பதம் தரும் களிம்பு தடவி, அதையும் துடைத்துவிட்டு இடது பெருவிரலை வைத்தபோது கருவி ஏற்றுக்கொண்டது. அழுத்தி வைத்தால் ரேகை நசுங்கிவிடும். லேசாக, நேராக வைக்க வேண்டும். கருவியின் கண்ணாடியையும் துடைத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு விரலும் தோற்றால், பதிவைப் புதுப்பிக்க தேசியப் பதிவுத் துறைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

புதிய சிம் பாட்டியின் பெயரிலேயே வாங்கப்பட்டது. மகளின் பழைய தொடுதிரைக் கைப்பேசி பாட்டிக்கு வந்தது. கூடவே புலனமும் (வாட்ஸ்அப்) வந்தது.

புலனம் பறிபோன நாள்

பாட்டி புலனத்தில் எழுதுவதே இல்லை. ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேசி அனுப்புவார். சாவு, சடங்கு, அரிசி விலை, யார் வீட்டில் எத்தனை மணிக்குப் பூசை என்று எல்லாமே குரல்தான். விவரம் பிசகாது, தேதியும் நேரமும் முதலில், செய்தி பிறகு. இது ஒரு தேர்ந்த எழுத்தாளரின் ஒழுங்கு என்றே இந்த ஆய்வு கருதுகிறது.

2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் 'சாரா' என்ற அரசு உதவியாக 100 ரிங்கிட் மைகார்டில் வரவு வைக்கப்பட்டது. இதற்கு விண்ணப்பமோ பதிவோ தேவையில்லை. பங்கேற்கும் கடையில் அட்டையைக் கொடுத்து, குறிப்பிட்ட வகை அடிப்படைப் பொருள்களை வாங்கினால் போதும். செப்டம்பர் தொடக்கத்தில் பாட்டிக்கு ஓர் அழைப்பு வந்தது. மரியாதையான மலாய். "மாச்சிக்" (அம்மா) என்று அழைத்தவர், நூறு வெள்ளி (ரிங்கிட்) வர எண்ணை உறுதிசெய்ய வேண்டும், குறுஞ்செய்தியில் வந்துள்ள ஆறு எண்ணைச் சொல்லுங்கள் என்றார். பாட்டி சொன்னார்.

அது புலனத்தின் பதிவு எண். அதே குறுஞ்செய்தியில், எண்ணுக்குப் பக்கத்திலேயே, "ஜாங்கான் கொங்சி" என்று இருந்தது: யாரிடமும் பகிராதே. பாட்டிக்கு இரண்டு சொல்லும் பேச்சில் பழக்கம். தினமும் சொல்கிற சொற்கள். ரூமியில் எழுதியிருந்ததால் கண்ணில் படவில்லை. எண் மட்டும் பட்டது.

அடுத்த அரை மணி நேரத்தில் பாட்டியின் பெயரில் கோயில் மாதர் குழுவுக்கும் தனித்தனி ஆள்களுக்கும் செய்தி போனது. மருத்துவமனைச் செலவு, 300 வெள்ளி அவசரம், நாளை தருகிறேன், இதோ கணக்கு எண். பக்கத்து வீட்டுப் பெண் அனுப்பிவிட்டார். பாட்டியோடு ஒரே மர நிரையில் பால் வெட்டிய இன்னொரு பெண்ணுக்கு மட்டும் சந்தேகம்: "அக்கா என்னைக்கு எழுதியிருக்கு? பேசித்தானே அனுப்பும்!" அவரும் அதிகம் படிக்காதவர். அவர்தான் பாட்டியின் மகளை அழைத்தார்.

உடனே செய்தவை, செய்த வரிசையிலேயே:

பணம் அனுப்பியவர் முதலில் தம் வங்கியையும், அடுத்து 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்ணையும் அழைத்தார். அந்த எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவும் முன் அழைத்தால்தான் நிறுத்த வாய்ப்பு. குழு நிர்வாகி பாட்டியின் எண்ணைக் குழுவிலிருந்து எடுத்து, நடந்ததைக் குரல் செய்தியாகப் போட்டார். தாதி பாட்டியின் கைப்பேசியில் புலனத்தை மறுபடி அதே எண்ணில் பதிந்தார். புதிய ஆறு இலக்க எண்ணை இட்டதும் திருடனின் பக்கம் வெளியேற்றப்பட்டது. ஆனால் அவன் இரண்டடுக்குக் குறியெண்ணை (கூடுதல் பூட்டான இரகசிய எண்ணை) போட்டு வைத்திருந்ததால், பாட்டி தம் கணக்குக்குள் நுழைய ஏழு நாள் காத்திருக்க நேர்ந்தது. அன்று மாலையே காவல் நிலையத்தில் புகார். கொடுக்கப்பட்ட கணக்கு எண்ணைக் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் பிறகு தேடிப் பார்த்தார்கள். பணம் அனுப்பும் முன் செய்ய வேண்டியது அது.

300 வெள்ளி திரும்பவில்லை. பாட்டி பக்கத்து வீட்டுக்கு மாதம் 50 வெள்ளியாகக் கொடுத்துத் தீர்ப்பதென்று முடிவு செய்தார். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

வகுப்பில் கண்டவை

முதலில் எழுந்த பேச்சு, "படிக்காதவங்க, ஏமாந்துட்டாங்க" என்பது. நடத்துபவர்கள் அதை ஏற்கவில்லை. எண்ணைச் சொல்லும் பழக்கத்தைப் பாட்டிக்கு ஊட்டியது வீடு. அன்போடு, மாதக்கணக்காக, நல்ல வேலைக்காக. திருடன் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. பேரன் கேட்டது போலவே கேட்டான்.

வகுப்பில் உள்ள மற்றவர்களிடமும் விசாரித்தபோது இதே வடிவம் பல வீடுகளில் தெரிந்தது. யாருடைய கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. உதவித்தொகை நிலையைக் கடையில் பார்த்துக் கொடுக்கச் சொன்ன ஒருவருக்குக் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. "லூலுஸ்", தேறியது, என்று மகன் படித்துச் சொன்னான். படத்தின் இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அங்கே இருந்தது "திடாக்", அதாவது இல்லை. படிக்கத் தெரிந்த மகன்தான் தவறாகப் படித்தான், மேல்முறையீட்டுக் கெடுவும் போனது. கேமராவை நீட்டி மலாய்க் கடிதத்தைத் தமிழில் பார்க்கும் வசதியும் இதே இடத்தில் காலை வாரும். கேமராவின் பார்வைக்குள் வராத சொல்லை அது மொழிபெயர்க்காது.

ரூமி தெரியாதவர்கள் பொத்தானை இடத்தையும் நிறத்தையும் வைத்து அடையாளம் கண்டார்கள். கீழே வலப்பக்கம் பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். ஒரு வங்கிச் செயலியில் அதன் சின்னத்தின் நிறமே சிவப்பு; 'தொடர்க' என்ற பொத்தானும் சிவப்பு. செயலி புதுப்பிக்கப்பட்டு பொத்தான் மேலே நகர்ந்த நாளில் கற்றதெல்லாம் வீண்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

நடத்துபவர்களுக்குள் நேர்மையான கருத்து வேறுபாடு இருந்தது. ஆசிரியர் எழுத்தை வரிசையாகக் கற்பிக்காமல் சொல்லைப் படம்போலக் காட்டுவது அரைகுறைப் படிப்பு என்றார். தாதி எழுத்து வரிசை முடியும்வரை திருடன் காத்திருக்க மாட்டான் என்றார். இரண்டும் சரி. அதனால் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது: முதல் பாதி திரை, அடுத்த பாதி எழுத்து.

திரைப் பாதிக்கு 12 மலாய்ச் சொற்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஜாங்கான் (வேண்டாம்), கொங்சி (பகிர்), பாத்தால் (ரத்து), தெருஸ்கான் (தொடர்க), சா (செல்லும்), லூலுஸ் (தேறியது), திடாக் (இல்லை), காகால் (தோல்வி), தாரிக் (தேதி), பாக்கி (இருப்பு), நாமா (பெயர்), பாயார் (கட்டு). எல்லாம் கற்பவர்கள் வாயில் ஏற்கெனவே உள்ள சொற்கள். பொருளைக் கற்பிக்க வேண்டியதில்லை, உருவம் மட்டும் பழக வேண்டும். உண்மையான கைப்பேசித் திரைகளின் படங்களைப் பெரிதாக அச்சிட்டு, சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார்கள். தொடக்கத்தில் ஒரு சிக்கல்: பெரிய எழுத்தில் 'பாத்தால்' கற்றவர்கள், முதல் எழுத்து மட்டும் பெரிதாக வந்தபோது அதை அறியவில்லை. தமிழில் பெரிய, சிறிய எழுத்து என்று இரண்டு இல்லை. ஒவ்வொரு சொல்லையும் மூன்று உருவத்தில் ஒட்டியபின்தான் பிடிபட்டது.

ஆறு இலக்க எண்ணுக்கு ஒரே விதி: வாயால் சொல்வதில்லை, சொந்த விரலால் மட்டும் இடுவது. மகன், பேரன், வகுப்பு ஆசிரியர், வங்கி என யாருக்கும் விலக்கில்லை. உதவும் பிள்ளை வேறூரில் இருந்தால், அவன் வரும்வரை அந்த வேலை தள்ளிப்போகும். இது வசதியைக் குறைக்கிறது என்று மகள்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் "பேரனுக்குச் சொல்லலாம், மற்றவர்க்குக் கூடாது" என்பது காதில் நிற்காத விதி. பேரனைப்போலப் பேசுபவன் வந்தால் உடைந்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். அதில் வங்கிக் கணக்கில் பதிந்த எண் எது, சிம் யார் பெயரில், ஒப்புதல் எந்தக் கைப்பேசியில், மின்னஞ்சல் யாருடையது, ஏ.டி.எம். அட்டை முடியும் மாதம் எது என்று எழுதப்படும். கடவுச்சொல் எழுதக்கூடாது. தாள் மைகார்டு வைக்கும் டப்பாவிலேயே இருக்க வேண்டும். ரீலோட் கெடுவை வீட்டு நாள்காட்டியின் தாளில், கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் சிவப்பில் வட்டமிட வேண்டும்.

உதவுபவர் கைப்பேசியைத் தொடக்கூடாது என்பது கடைசி விதி. கைகட்டி உட்கார்ந்து சொல்ல மட்டும் செய்யலாம். ஐந்து நிமிட வேலை அரை மணி ஆகிறது. ஆகட்டும். தொட்டு முடித்துக் கொடுத்தால் அது மறுபடி இரவல்.

குரல் செய்தியை வகுப்பு ஊக்குவித்தது. விசைப்பலகையில் 'தமிழ் (மலேசியா)' என்ற குரல்வழித் தட்டச்சைப் போட்டுக் கொடுத்தபோது சிலர் முதன்முறையாகத் தம் சொற்களைத் தமிழ் எழுத்தில் கண்டார்கள். மலாய்ச் சொல் கலந்தால் அது தடுமாறுகிறது. படித்துத் திருத்தும் அளவுக்கு எழுத்து தெரிந்தவர்களுக்கே அது முழுப் பயன் தந்தது. எழுத்துப் பாதியைக் கைவிடக்கூடாது என்பதற்கு ஆசிரியரின் வாதத்தைவிட இதுவே வலுவான சான்றாக அமைந்தது.

பின்விளைவு

இரண்டு மாதம் கழித்து பாட்டிக்கு மறுபடி அப்படியோர் அழைப்பு. இம்முறை தமிழ். பாட்டியின் பதிலை மகள் கேட்டிருக்கிறார்: "அத சொல்லக்கூடாதுய்யா. என் பேரனுக்கே சொல்றது இல்ல." அழைத்தவர் வைத்துவிட்டார்.

வங்கிச் செயலி இப்போது பாட்டியின் கைப்பேசியிலேயே உள்ளது. பதிந்தபின் 12 மணி நேரக் காத்திருப்பு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. இருப்புப் பார்ப்பதும் மின் கட்டணம் கட்டுவதும் அவரே. செயலி மாறியபோது பொத்தானைத் தேடி 'தெருஸ்கான்' என்ற சொல்லைப் படித்து அழுத்தினார். புதிய ஆளுக்குப் பணம் அனுப்புவது இன்னும் வரவில்லை. அதில் படிக்க வேண்டியது அதிகம், அவசரப்படுத்தவும் இல்லை.

எல்லாரும் தேறவில்லை. தேவாரம் படிக்க வேண்டும் என்று வந்த ஒரு பெரியவர் திரைப் பாதி தொடங்கியதும் வருவதை நிறுத்தினார். பிற்பாதிக்கு மட்டும் வரலாம் என்றபின் திரும்பினார். அவருடைய கைப்பேசி இன்றும் மகனிடம்தான். பயிற்சிக்காகத் தாதி முன்னறிவிப்பில்லாமல் மோசடிக்காரர்போல் அழைத்துப் பார்த்ததில், எண்ணைச் சொல்லிவிட்ட ஒரு பெண் அவமானப்பட்டு சில வாரம் வரவில்லை.

மாற்ற வேண்டியவை

பயிற்சி அழைப்பு வரும் வாரத்தை முன்பே அறிவிக்க வேண்டும். தெரிந்திருந்தும் தவறுபவர்கள் இருப்பார்கள். அப்போது அது எல்லாரும் சேர்ந்து சிரித்துக் கற்கும் பாடமாகிறது.

தாளை முதல் வகுப்பிலேயே நிரப்ப வேண்டும். இந்த நிகழ்வில் அது இருந்திருந்தால் எண் செத்த அன்றே தெரிந்திருக்கும். பேரப்பிள்ளைகளுக்குத் தனியாக ஓர் அமர்வு வைக்க வேண்டும், பெரியவர்களை உட்காரவைக்காமல். தங்கள் வேகம் பாட்டிக்கு என்ன பழக்கத்தை உண்டாக்குகிறது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

சொற்பட்டியலில் 'ராயுவான்', 'தாமாட்' இரண்டையும் சேர்க்க வேண்டும். மேல்முறையீட்டையும் கெடு முடிவதையும் இவை காட்டுபவை. முதல் பட்டியலில் விடுபட்டன.

பாட்டியின் கணக்கில் ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. கைப்பேசியின் மின்னஞ்சலை மீட்கும் எண்ணாகப் பதிந்திருப்பது இப்போதும் பேரனின் எண். அவன் தீபாவளிக்கு ஊர் வரும்போது, பாட்டியின் விரலாலேயே அதை மாற்றுவதென்று தாளின் கடைசி வரியில் எழுதப்பட்டிருக்கிறது.